தங்கவயலின் கட்டடங்கள் யாருக்கு வீடாகும்?

2001 பிப்ரவரி 28. கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் அன்றோடு மூடப்பட்டன. நூற்றிருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கத்தை மேலே கொண்டுவந்த தொழிலாளர்களின் கடைசித் தலைமுறை, வேலையிழந்தவர்களாக வீடு திரும்பியது. கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. வீடு திரும்பினார்கள் என்று எழுதுகிறோம். ஆனால் அந்த வீடு அவர்களுடையதுதானா என்ற கேள்விக்கு இந்த இருபத்தைந்து ஆண்டுகளில் எந்த அரசும் முழுமையான பதிலைத் தரவில்லை.

சாம்பியன் ரீஃப், உரிகம், மாரிக்குப்பம், கோரமண்டல் பகுதிகளில் நடந்து சென்றால் இரண்டு வகைக் கட்டடங்களைப் பார்க்கலாம். ஒருபுறம் ஷாஃப்டுகளின் மேல் நிற்கும் இரும்புக் கோபுரங்கள், எந்திரக் கூடங்கள், பணிமனைகள், கிடங்குகள், அலுவலகங்கள், அதிகாரிகளின் பங்களாக்கள், ஒரு காலத்தில் பெயர் பெற்று விளங்கிய சுரங்க மருத்துவமனை. இவற்றுள் பல பூட்டிக் கிடக்கின்றன. பல இரும்புத் திருட்டில் எலும்புக்கூடாகிவிட்டன. கல் சுவர்கள் மட்டும் உறுதியாக நிற்கின்றன. மறுபுறம், அந்தச் சுவர்களிலிருந்து கூப்பிடு தூரத்தில், வரிசை வரிசையாக லைன் வீடுகள். அவற்றில் மனிதர்கள் வாழ்கிறார்கள். விடிவதற்கு முன்பே எழுந்து மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்குக் கூலி வேலைக்கும் காவல் வேலைக்கும் கடை வேலைக்கும் சென்று இரவில் திரும்புகிறார்கள். காலியாகக் கிடக்கும் பெரிய கட்டடங்களும் நெருக்கியடித்து வாழும் சிறிய வீடுகளும் ஒரே வேலிக்குள் இருக்கின்றன. இரண்டும் ஒரே பொதுத்துறை நிறுவனத்தின் சொத்து.

இந்த நிலை இனியும் நீடிக்காது. பெங்களூரு–சென்னை விரைவுச்சாலையின் கர்நாடகப் பகுதி 2024 இறுதியில் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டு, தங்கவயலை அடுத்த பேத்தமங்கலம் வரை வந்துவிட்டது. 13 கழிவு மேடுகளில் மிஞ்சியுள்ள தங்கத்தைப் பிரித்தெடுக்கும் ஒன்றிய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் அளித்தது. சுரங்க நிறுவனத்தின் வசமுள்ள ஏறத்தாழ 12 ஆயிரம் ஏக்கரில் ஒரு பகுதியைத் தொழில் நகரம் அமைக்கத் தர வேண்டும் என்று மாநில அரசு கேட்டு வருகிறது. சாலை வந்தால் நிலத்தின் விலை ஏறும். விலை ஏறினால் ‘மறுசீரமைப்பு’, ‘புத்துயிரூட்டல்’ என்ற சொற்களும் வந்துசேரும். பழைய தொழிற்கூடங்களை நவீனக் குடியிருப்புகளாக மாற்றுவது உலகின் பல நகரங்களில் இன்று நடைமுறையாகிவிட்டது. தங்கவயலுக்கும் அது வரும்.

அதை நாம் எதிர்க்கவில்லை. உழைப்பாளிகள் எழுப்பிய சுவர்களை இடித்துத் தூளாக்குவதைவிட, அவற்றுக்குள் குடும்பங்களைக் குடியேற்றுவது மேலானது. ஆனால், முதலில் இன்று அங்கே வாழ்பவர்களின் வீட்டுக்குப் பட்டா வேண்டும். அதன் பிறகே புதிய வீடுகளைப் பற்றிய பேச்சு. இந்த வரிசை தலைகீழானால், மறுசீரமைப்பு என்பது வெளியேற்றத்தின் மறுபெயராகிவிடும்.

வீடு தராத சுரங்கம்

1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கு கால்பதித்தபோது, சுரங்கத்தில் இறங்க வந்தவர்களில் பெரும்பான்மையோர் வட ஆற்காடு, சேலம் பகுதிகளின் நிலமற்ற தலித் மக்கள். தெலுங்கு, கன்னட மக்களும் வந்தார்கள். பண்ணையடிமைத்தனத்திலிருந்தும் பஞ்சத்திலிருந்தும் தப்பி வந்தவர்களுக்குப் பூமிக்கடியில் வேலை கிடைத்தது. பூமிக்கு மேலே கிடைத்தது மூங்கில் தட்டிகளால் மறைத்த குடிசை. மனிதர் நிமிர்ந்து நிற்கக்கூட இடம் போதாத தட்டி வீடுகளில் தலைமுறைகள் பிறந்து வளர்ந்தன.

அதே ஊருக்கு ‘குட்டி இங்கிலாந்து’ என்றொரு பெயரும் இருந்தது. வெள்ளை அதிகாரிகளுக்கு மேட்டுநிலத்தில் பங்களாக்கள், கிளப், கோல்ஃப் மைதானம். 1902இல் சிவசமுத்திரத்தில் உற்பத்தியான நீர்மின்சாரம் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கடந்து தங்கவயலுக்கு வந்தது. அன்றைய உலகில் அது வியக்கத்தக்க பொறியியல் சாதனை. அந்த மின்சாரம் எந்திரங்களுக்கும் பங்களாக்களுக்கும் முதலில் சென்றது. குடிசைகள் நெடுங்காலம் காத்திருந்தன. பேத்தமங்கலம் ஏரியின் நீரும் அப்படியே சுரங்கத்தின் தேவையை முதலாகவும் மனிதரின் தேவையை அடுத்ததாகவும் கணக்கிட்டே பகிரப்பட்டது.

கழிப்பறையின் கதை இதைவிடக் கொடியது. மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்கு ஷாஃப்ட் தோண்டத் தெரிந்த நிர்வாகம், தொழிலாளர் குடியிருப்பில் கழிவுநீர்க் குழாய் பதிக்கவில்லை. உலர் கழிப்பறைகளைக் கட்டி, அவற்றை மனிதக் கைகளால் அள்ளச் செய்தது. அரசுடைமையான பின்பும் பல பத்தாண்டுகள் இது தொடர்ந்தது. கையால் மலம் அள்ளும் கொடுமைக்கு எதிரான நாடு தழுவிய இயக்கத்தைக் கட்டிய பெசவாடா வில்சன் பிறந்தது இந்தத் தங்கவயலில்தான். அவரது குடும்பம் செய்த வேலையும் அதுவே. பழைய குடியிருப்புகளை நவீனமாக்குவது பற்றிப் பேசுகிற எவரும் தொடங்க வேண்டிய இடம் இந்தக் கழிப்பறைதான்.

தங்கவயல் தொழிலாளர்கள் கையேந்தி நின்றவர்கள் அல்லர். குற்றவாளிகளைப் போலக் கைரேகை பதிய வேண்டும் என்ற நிர்வாகத்தின் ஆணையை எதிர்த்து 1930இல் ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்து அதைப் பின்வாங்க வைத்தார்கள். 1940களில் செங்கொடிச் சங்கம் வேரூன்றியது. 1946 நவம்பரில் காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் தோழர்கள் உயிர் நீத்தார்கள்; அவர்களின் நினைவு நாள் இன்றும் அங்கே கடைப்பிடிக்கப்படுகிறது. அயோத்திதாசரின் ‘தமிழன்’ இதழுக்கு வாசகர்களையும், தமிழ்ப் பௌத்தத்துக்கு ஊழியர்களையும், சாதி எதிர்ப்பு நூல்களுக்குப் பதிப்பகத்தையும் தந்த ஊர் இது. இன்று லைன்களில் நிற்கும் கல் வீடும் தண்ணீர்க் குழாயும் பள்ளிக்கூடமும் இந்தப் போராட்டங்களின் விளைச்சல்; எந்த நிர்வாகத்தின் கருணையும் அல்ல.

1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. 1962இல் அவை ஒன்றிய அரசுக்கு மாறின. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் உருவானது. தோண்டிய தங்கம் நீண்டகாலம் உள்நாட்டுச் சந்தை விலையைவிடக் குறைவாக இருந்த சர்வதேச விலைக்கே அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்தக் கணக்கில் நட்டம் வராமல் எப்படி இருக்கும்? அந்த நட்டத்தைக் காட்டியே நிறுவனம் நோயுற்றதாக அறிவிக்கப்பட்டது. தாராளமயக் காலத்தில் மூடப்பட்டது. தங்கம் கருவூலத்துக்குப் போனது. நட்டத்தின் பழி மட்டும் தொழிலாளியின் தலையில் விழுந்தது.

பட்டா இல்லாத நான்கு தலைமுறைகள்

சொந்த ஊரில் ஒரு சென்ட் நிலமும் இல்லாததால் இங்கு வந்தவர்களின் நான்காம், ஐந்தாம் தலைமுறை இன்று தங்கவயலில் வாழ்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு இங்கும் தங்கள் பெயரில் நிலமில்லை. குவார்ட்டர்ஸ் என்பது வேலையோடு சேர்ந்த வீடு. வேலை போனதும் வீட்டின் மீதான உரிமையும் சட்டப்படி ஆட்டம் காண்கிறது. அரசு வளாகங்களிலிருந்து ‘அனுமதியற்ற குடியிருப்பாளர்களை’ வெளியேற்றும் 1971ஆம் ஆண்டுச் சட்டம் பொதுத்துறை நிறுவனங்களின் குடியிருப்புகளுக்கும் பொருந்தும். தாத்தா பாறை வெடிப்பில் இறந்த வீட்டில், அப்பா நுரையீரல் கல்லாகிச் செத்த வீட்டில் வாழும் பேரனை, ‘அனுமதியற்றவன்’ என்று ஒரு நோட்டீசால் அழைக்க இந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது.

குடியிருக்கும் வீடுகளை முன்னாள் தொழிலாளர்களுக்கே உரிமையாக்குவது பற்றி மூடலுக்குப் பிந்தைய ஒவ்வொரு தேர்தலிலும் வாக்குறுதி ஒலித்திருக்கிறது. நிறுவனத்தை உலகளாவிய ஒப்பந்தப்புள்ளி மூலம் விற்கும் முயற்சி ஆண்டுக்கணக்கில் நீதிமன்றங்களில் நடந்தபோதும் இந்தக் கோரிக்கை உடன் நடந்தது. பணிமுடிவுப் பயன்களும் வீட்டுரிமையும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டு, ஒன்று முடியாததால் மற்றொன்றும் முடியவில்லை என்று கோப்பு கைமாறிக்கொண்டே இருக்கிறது. நிலம் மாநிலத்துக்கு உரியது என்கிறது பெங்களூரு. நிறுவனம் எங்களுடையது என்கிறது டெல்லி. இரண்டு கைகளுக்கும் நடுவே வீட்டுச் சுவர் விரிசல் விடுகிறது. தன் பெயரில் இல்லாத வீட்டுக்குக் கடன் வாங்க முடியாது. அரசின் வீட்டுவசதி மானியத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. ஒரு கழிப்பறை கட்டக்கூட மனம் துணியாது.

இதற்கிடையில் ஒன்றிய அரசு வேறொரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. பொதுத்துறை நிறுவனங்களின் ‘உபரி’ நிலங்களையும் கட்டடங்களையும் பணமாக்க 2022 மார்ச்சில் தேசிய நிலப் பணமாக்கல் கழகத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மூடப்பட்ட பொதுத்துறை நிறுவனங்களின் சொத்துகளும் அதன் வரம்புக்குள் அடங்கும். மக்கள் வாழும் இடத்தை ‘உபரி’ என்று எழுதுவதற்கு ஒரு பேனாவும் ஒரு வரைபடமும் போதும். பட்டா இல்லாத குடியிருப்பு அந்த வரைபடத்தில் வெற்றிடமாகத்தான் தெரியும்.

பெரம்பூரும் பரேலும் தரும் பாடம்

இப்படி நடக்கும் என்று நாம் ஊகித்துச் சொல்லவில்லை. தொழிற்சாலை மூடப்பட்ட நிலத்தில் வீடு எழும்போது என்ன நடக்கும் என்பதை நம் நகரங்கள் ஏற்கெனவே காட்டிவிட்டன.

சென்னைப் பெரம்பூரின் பக்கிங்காம்–கர்நாட்டிக் ஆலையை மக்கள் பின்னி மில் என்றே அழைத்தார்கள். 1918 ஏப்ரலில் அந்த ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டுதான் சென்னைத் தொழிற்சங்கம் பிறந்தது. பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் பேசிய கூட்டங்கள் இந்தியத் தொழிற்சங்க வரலாற்றின் முதற்பக்கம். 1990களில் ஆலை நின்றது. இன்று அந்த நிலத்தில் வானுயர்ந்த அடுக்ககங்கள் எழுந்துள்ளன. அவற்றில் ஒரு வீட்டை, அந்த ஆலையில் முப்பது ஆண்டு தறி ஓட்டியவரின் குடும்பம் வாங்க முடியுமா என்பதற்குப் பெரம்பூர்க்காரர்களே சாட்சி.

மும்பையில் இன்னும் பெரிய அளவில் நடந்தது. 1982இன் மாபெரும் வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் பங்கேற்றார்கள். அதன் பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக நின்றன. ஆலை நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு திறந்தவெளிக்கு, ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்கு, மீதி ஒரு பங்கே உரிமையாளருக்கு என்று 1991ஆம் ஆண்டு வளர்ச்சி விதி சொன்னது. நல்ல விதிதான். ஆனால் 2001இல் அது திருத்தப்பட்டது. பங்கீடு மொத்த நிலத்துக்கும் அல்ல, கட்டடமே இல்லாத வெற்று நிலத்துக்கு மட்டும் என்று ஆக்கினார்கள். ஆலைகளில் வெற்று நிலம் எவ்வளவு இருந்துவிடப் போகிறது? 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் அந்தத் திருத்தத்தை ஏற்றது. பரேலிலும் லோயர் பரேலிலும் வணிக வளாகங்களும் சொகுசுக் கோபுரங்களும் முளைத்தன. தொழிலாளர்கள் விடாது போராடியதால் 2012இல் முதல் பெரிய குலுக்கலில் 6,925 வீடுகள் ஒதுக்கப்பட்டன. வரிசையில் நின்றவர்களோ ஒரு லட்சத்துக்கும் மேல். விதிகள் இருந்தால் போதாது, அவற்றைத் திருத்த முடியாதபடி காக்கும் அமைப்பும் வேண்டும் என்பதே மும்பை தரும் பாடம்.

லண்டனின் பேட்டர்சீ அனல்மின் நிலையம் 1983இல் நின்றது. 2022இல் சொகுசு வீடுகளாகவும் கடைகளாகவும் திறந்தது. அந்தத் திட்டத்தில் எளியவர்க்கென்று உறுதியளிக்கப்பட்ட 636 வீடுகள், செலவு ஏறிவிட்டது என்ற காரணத்தால், 2017இல் 386ஆகக் குறைக்கப்பட்டன. புகைபோக்கிகள் மட்டும் பழைய வடிவிலேயே திருத்திக் கட்டப்பட்டன. கட்டடத்தின் நினைவைக் காப்பதில் மூலதனத்துக்குச் சிரமமில்லை. அதில் உழைத்தவர்க்கு இடம் தருவதுதான் அதற்குச் சிரமம்.

வேறு வழியும் உலகில் உண்டு. வியன்னா நகரில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்ட நான்கு பிரம்மாண்டமான எரிவாயுக் கிடங்குகள் பயன்பாடின்றி நின்றன. 2001இல் அவற்றின் செங்கல் சுவர்களுக்குள் அறுநூறுக்கும் மேற்பட்ட வீடுகளும் மாணவர் விடுதியும் உருவாயின. அது சாத்தியமானதற்கு வெறும் கட்டடக் கலை காரணமில்லை. முதல் உலகப் போருக்குப் பின் தொழிலாளர் கட்சி அந்த நகராட்சியைக் கைப்பற்றிப் பெருமளவில் பொதுக் குடியிருப்புகளைக் கட்டியது. நகர மக்களில் ஏறத்தாழ பாதிப் பேர் இன்றும் நகராட்சி அல்லது மானிய வீடுகளில் வாழ்கிறார்கள். நிலமும் வீடும் சந்தைச் சரக்காக மட்டும் இல்லாத நகரத்தில், பழைய கட்டடமும் மக்களுக்கு வீடாக முடிகிறது.

1872இல் எங்கெல்ஸ் வீட்டுப் பிரச்சினை பற்றி எழுதிய கட்டுரைகளின் சாரம் இதுதான்: முதலாளித்துவம் நெருக்கடியான குடியிருப்புகளை ஒழிப்பதில்லை, வேறோர் இடத்துக்கு நகர்த்திவிடுகிறது. நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் பெரம்பூரும் பரேலும் அதை மெய்ப்பிக்கின்றன.

எது வீடாகும், எது ஆகாது

தங்கவயலின் எல்லாக் கட்டடங்களையும் வீடாக்க முடியாது. இதை மறைத்துப் பேசுவது மக்களுக்குச் செய்யும் துரோகம்.

தாதுவை அரைத்துச் சயனைடு கரைசலில் தங்கம் பிரித்த ஆலைகளின் தரையிலும் மண்ணிலும் நச்சு தங்கியிருக்கும். அங்கே குழந்தைகள் தவழக்கூடாது. ‘சயனைடு மலைகள்’ என்று மக்கள் அழைக்கும் கழிவு மேடுகளில் கோடிக்கணக்கான டன் பொடி குவிந்திருக்கிறது. காற்றடிக் காலத்தில் அந்தத் தூசு வீட்டுச் சோற்றுப் பானை வரை வருகிறது. மாசடைந்த இடங்களை மேலாண்மை செய்ய 2025இல் ஒன்றிய அரசு வெளியிட்ட விதிகளோ சுரங்கப் பணியால் வந்த மாசைப் பொதுவாகத் தம் வரம்புக்கு வெளியே வைத்துவிட்டன. இங்கே சட்டத்திலேயே ஓட்டை இருக்கிறது.

நிலத்துக்கடியிலும் ஆபத்து உண்டு. ஆழ்சுரங்கங்களில் பாறை வெடிப்பு தங்கவயலின் தீராத சாபமாக இருந்தது. அதன் அதிர்வில் மேலே வீடுகளின் சுவர்களும் பிளந்திருக்கின்றன. மூடலுக்குப் பின் நீர் இறைக்கும் பம்புகள் நின்று சுரங்கங்களில் நீர் நிரம்பியது. எந்த லைனுக்குக் கீழே எவ்வளவு ஆழத்தில் வெற்றிடம் இருக்கிறது என்பதைக் காட்டும் வரைபடங்கள் நிறுவனத்தின் ஆவணங்களில் உள்ளன. தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் 1988இல் தொடங்கப்பட்டதே இந்தத் தங்கவயலில்தான். ஆகவே அறிவு இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. அந்த அறிவு மக்கள் முன் வைக்கப்பட வேண்டும், அவ்வளவே.

மறுபுறம், அலுவலகங்கள், கிடங்குகள், நச்சுத் தொடர்பில்லாத பணிமனைகள், பங்களாக்கள், மருத்துவமனைக் கூடங்கள் போன்றவற்றை உறுதித்தன்மை சோதித்து வீடாக்க முடியும். தடித்த கல் சுவர், உயர்ந்த கூரை, அகன்ற இரும்புச் சட்டகம் இருக்கும் கூடத்துக்குள் மேலும் ஒரு தளம் எழுப்பலாம். காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் குறைவிருக்காது. புதிதாக வாங்க வேண்டியவை குழாய், கம்பி, கழிவுநீர்ப் பாதை, படிக்கட்டு. மருத்துவமனையை மட்டும் வீடாக்காமல் மருத்துவமனையாகவே மீட்க வேண்டும். சிலிக்கோசிஸ் நோயாளிகள் வாழும் ஊருக்கு அதைவிட அவசரத் தேவை வேறில்லை.

லைன் வீடுகளுக்கு இன்னும் எளிய வழி உண்டு. பிழைப்புத் தேடிக் குடும்பங்கள் போய்விட்டதால் வரிசையில் பல வீடுகள் காலியாகவும் இடிந்தும் கிடக்கின்றன. அடுத்தடுத்த இரண்டு வீடுகளின் நடுச்சுவரைத் திறந்து ஒன்றாக்கினால், ஓர் அறைக் குடும்பத்துக்கு இரண்டு அறையும் சமையலறையும் தனிக் கழிப்பறையும் கிடைக்கும். அந்த வேலையைச் செய்ய வெளியிலிருந்து ஒப்பந்ததாரர் வர வேண்டியதில்லை. ஃபிட்டரும் கொத்தரும் வெல்டரும் எலக்ட்ரீஷியனும் தங்கவயலில் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள். அவர்களின் கூட்டுறவுச் சங்கத்துக்கே பணி ஒப்படைக்கப்பட்டால், பெங்களூர் ரயிலில் நின்றுகொண்டே போகும் இளைஞர்களில் ஒரு பகுதியினருக்காவது ஊரிலேயே வேலை கிடைக்கும்.

பணம் எங்கே?

இதற்கெல்லாம் பணம் எங்கே என்று கேட்பார்கள். கழிவு மேடுகளில் இருக்கிறது என்பதே நம் பதில். தங்கத்தின் விலை வரலாறு காணாத உயரத்தில் இருக்கும் இந்நாளில், அந்த மேடுகளைக் கிளறுவது இலாபகரமானது என்று அரசே முடிவு செய்திருக்கிறது. அந்தப் பொடி தொழிலாளி வெட்டிய பாறையின் பொடி. அதன் தூசைச் சுவாசித்தவர்களுக்கு அதன் வருவாயில் முதல் உரிமை உண்டு. கழிவிலிருந்து வரும் வருவாயில் சட்டப்படி நிலையான ஒரு பங்கை மாசு நீக்கத்துக்கும் வீட்டுவசதிக்கும் மருத்துவத்துக்கும் ஒதுக்காமல் மேட்டில் ஒரு மண்வெட்டியும் விழக்கூடாது.

பயன்படாமல் கிடக்கும் அரசுக் கட்டடங்களை வீடாக்கும் கொள்கையும் புதிதல்ல. பெருந்தொற்றுக் காலத்தில் புலம்பெயர்ந்த தொழிலாளர்கள் நடந்தே ஊர் திரும்பிய அவலத்துக்குப் பின், காலியாகக் கிடந்த அரசு வீடுகளை மலிவு வாடகைக் குடியிருப்புகளாக்கும் திட்டத்தை ஒன்றிய அரசே 2020இல் அறிவித்தது. அந்தக் கொள்கையைத் தங்கவயலுக்குப் பொருத்த என்ன தடை?

சுரங்கமா, வீடா?

நம் அணிகளுக்குள்ளும் ஒரு தயக்கம் உண்டு. சுரங்கத்தை மீண்டும் திற என்பதே கால் நூற்றாண்டு முழக்கம். கட்டடங்களை வீடாக்கு என்று பேசத் தொடங்கினால், சுரங்கம் இனித் திறக்காது என்று நாமே ஒப்புக்கொண்டதாகாதா? மூத்த தோழர்கள் எழுப்பும் இந்தக் கேள்வி நேர்மையானது.

ஆனால் நடந்ததை எண்ணிப் பார்ப்போம். வேலை திரும்பும், அதோடு வீடும் வரும் என்று காத்திருந்த ஆண்டுகளில் பட்டாக் கோரிக்கை இரண்டாமிடத்துக்குப் போனது. காத்திருந்தவர்களில் பலர் இன்று இல்லை. அவர்களின் விதவைகள் அதே வீட்டில் நோட்டீசுக்கு அஞ்சி வாழ்கிறார்கள். இடதுசாரி இயக்கமும் இதைத் தன்விமர்சனத்தோடு ஏற்க வேண்டும். வேலைக்கான போராட்டமும் வீட்டுக்கான போராட்டமும் ஒன்றையொன்று பலவீனமாக்குவதில்லை. சொந்தக் கூரையின் கீழ் நிற்கும் தொழிலாளியே நாளை பொதுத்துறையில் சுரங்கத் தொழிலைக் கேட்டு உறுதியாக நிற்பார். வெளியேற்றப்பட்டவர்களின் ஊரில் சங்கமும் இருக்காது, முழக்கமும் இருக்காது.

தங்கவயலின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் ஒன்றரை லட்சத்தைத் தாண்டியிருந்தது. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது பேசும் அந்த மக்களை மொழியால் பிரித்து, ‘இவர்கள் வெளியூர்க்காரர்கள்’ என்று சொல்லி நிலத்தைப் பறிக்கும் அரசியலுக்கு இடம் தரக்கூடாது. நூறாண்டுக்கும் மேலாக ஒரே கூண்டில் இறங்கி ஏறியவர்களுக்குள் வெளியூர்க்காரர் யார்?

ஒன்றிய அரசிடமும் கர்நாடக அரசிடமும் நாம் வைக்கும் கோரிக்கைகள் இவை:

1. லைன்களிலும் குவார்ட்டர்ஸ்களிலும் வாழும் முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள், அவர்களின் வாரிசுகள், ஒப்பந்தத் தொழிலாளர்கள், துப்புரவுத் தொழிலாளர்கள் அனைவருக்கும் விலையின்றிப் பட்டா வழங்க வேண்டும். பட்டா கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும்.

2. பட்டா வழங்கி முடிக்கும் வரை சுரங்க நிறுவனத்தின் நிலத்தையோ கட்டடத்தையோ விற்கவும் நீண்டகாலக் குத்தகைக்கு விடவும் பணமாக்கல் கழகத்துக்கு மாற்றவும் தடை விதிக்க வேண்டும். 1971 சட்டத்தின் கீழ் எந்தக் குடும்பத்துக்கும் வெளியேற்ற நோட்டீஸ் தரக்கூடாது.

3. நச்சு, நிலவெற்றிடம், கட்டட உறுதி ஆகியவற்றை ஆராய்ந்து, எந்தக் கட்டடம் வீடாகும், எது நினைவகமாகும், எது இடிக்கப்பட வேண்டும் என்ற பட்டியலைத் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் வெளியிட்டு, வார்டு சபைகளில் விவாதிக்க வேண்டும்.

4. புதிதாக உருவாகும் வீடுகள் பொது உடைமையாகவோ குடியிருப்போர் கூட்டுறவின் உடைமையாகவோ இருக்க வேண்டும். வறுமையால் ஒரு குடும்பம் வீட்டை விற்க நேர்ந்தால் அதை முதலில் வாங்கும் உரிமை அந்தக் கூட்டுறவுக்கே இருக்க வேண்டும். தரகருக்கு வழி திறந்துவிட்டால் பட்டா ஒரு தலைமுறைகூட நிலைக்காது.

5. கழிவு மேடுகளின் வருவாயில் ஒரு பங்கு சட்டப்படி இப்பணிகளுக்கு ஒதுக்கப்பட வேண்டும். முதல் ரூபாய் கழிவுநீர்ப் பாதைக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் கழிப்பறைக்கும் செலவாக வேண்டும்.

தங்கவயலின் பெயரை வைத்துத் திரைப்படங்கள் கோடிகளைக் குவித்தன. அந்த ஊரின் தங்கம் யார் யார் கருவூலங்களிலோ உறங்குகிறது. அதைத் தோண்டியவர்களின் பேரப்பிள்ளைகள் கேட்பது, தாங்கள் பிறந்த வீட்டின் பட்டாவும், பூட்டிக் கிடக்கும் கட்டடங்களில் தங்கள் பிள்ளைகளுக்கு ஓர் இடமும்தான். மூடல் நாளின் இந்தக் கால் நூற்றாண்டை வெறும் நினைவேந்தலாக நடத்தி முடித்துவிடக்கூடாது. லைன் லைனாகச் சென்று, யார் எந்த வீட்டில் எத்தனை ஆண்டுகளாக வாழ்கிறார்கள் என்ற மக்கள் பதிவேட்டை நாமே தயாரிப்போம். அதிகாரிகளின் வரைபடத்தில் வெற்றிடமாகக் காட்டப்படும் இடத்தில் மனிதர்கள் வாழ்கிறார்கள் என்பதற்கான முதல் சான்றாக அந்தப் பதிவேடு அமையட்டும்.